நூறு சிசி இறங்கும் வரை

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம். வாயில் மிச்சமிருக்கிற சொந்தக் கடைவாய்ப் பற்கள் மூன்றின் மேலும், நான் கும்பிடாத சாமிகள் அத்தனையின் மேலும், யாருக்கும் தெரியாமல் கும்பிட்ட ஒரே ஒரு சாமியின் மேலும் அடித்துச் சொல்கிறேன், இனி வருவதில் ஒரு வார்த்தை கூடக் கலப்படம் கிடையாது. மோரில் இன்ஜின் ஓட்டினேன் என்று சொன்ன வெங்கிடுபதிதானே நீ என்பீர்கள். அவனேதான். ஆனால் அது கதை, இது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றேகால் மணி, கோயமுத்தூர் கணபதியில் எங்கள் இன்ஜின் கம்பெனியின் டெஸ்டிங் கொட்டகை, அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் நூறு சிசி டீசல் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடந்தது அவ்வளவுதான். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதை யாரிடமும் சொன்னதில்லை, எழுபத்துநாலு வயதுவரை எதையும் சொல்லாமல் விட்டு எனக்குப் பழக்கமும் இல்லை, அதனால் கேளுங்கள்.

டீசல் மேல்கோட்டைத் தொடுகிறது, எங்கள் இளம் இன்ஜினீயர் ஹரிகோவிந்தன் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறான், அழுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்க்கிறேன், தேன் நிறத்தில் பிறை மாதிரி வளைந்த அதன் மேல்விளிம்பை. ஐந்து குதிரைச் சக்தி இன்ஜின், முழு லோடு போட்டாயிற்று, சுற்று ஆயிரத்தைந்நூறு. இந்த நூறு சிசியைக் குடித்து முடிக்க இன்ஜின் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ அதுதான் அதன் ஜாதகம், நேரம் கூடக்கூட நல்லது. ஐந்து நிமிஷம் இருபது விநாடியைத் தாண்டினால் நான் வரைந்த சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும் வார்ப்புக்குப் போகும். தாண்டாவிட்டால் இரண்டும் உலையில் உருகும், ஹரிகோவிந்தன் கம்ப்யூட்டரில் வரைந்தது வார்ப்புக்குப் போகும், நான் கேன்டீன் பெஞ்சின் மேல் ஏறி நின்று இதுவரை நான் சொன்னதெல்லாம் பொய் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம். போன வெள்ளிக்கிழமை இரண்டாவது டெஸ்டில் ஐந்து ஒன்பதுதான் வந்தது, முதல் டெஸ்டில் ஐந்து இரண்டு, கேன்டீனில் தக்காளிச் சோற்றைக் கிளறிக்கொண்டே அந்த மெட்ராஸ்காரன் ஹரி மரியாதையாகக் கேட்டான், "சார், தப்பா நினைக்காதீங்க, உங்க மோர் இன்ஜினுக்கு எத்தனை நிமிஷம் வந்தது?" நாற்பது பேர் சிரித்தார்கள். அந்த மோர்க் கதையை முப்பது வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு கேட்ட அதே நாற்பது பேர். டீசல் தீர்ந்துபோன பொள்ளாச்சித் தோட்டத்தில் ஒரு சட்டி மோரை ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டினேன், புகைக்குழாய் வாயில் வெண்ணெய் திரண்டு நின்றது, அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். அதில் என்ன குறை கண்டார்கள் என்று தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அஞ்சு இருபது தாண்டலைன்னா நான் பெஞ்சு மேல ஏறி அத்தனையும் பொய்யின்னு சொல்றேன். தாண்டுச்சுன்னா நீ ஏறி, வெங்கிடுபதி சொன்னது அத்தனையும் நெசம்னு சொல்லோணும்." "அத்தனையுமா சார்?" "மோர் உட்பட." முதலாளி சௌதாமினி, அவள் அப்பா காலத்திலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிறவள், கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள், "மாமா, இது கடைசி டெஸ்டு. இதுக்கு மேல என்னால உங்களுக்காக நிக்க முடியாது."

தொண்ணூறு. பத்து சிசி போய்விட்டது, அரை நிமிஷம் ஆகியிருக்கும், ஹரியின் கையைப் பார்க்கக் கூடாது. இந்தப் பத்து சிசியில் நமக்குக் கிடைத்தது எவ்வளவு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டு போகிறது, மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வானத்துக்குப் போகிறது, மிச்ச ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. உலகத்து இன்ஜின் எல்லாம் இப்படித்தான், பாதிக்கு மேல் வீண், மனுஷன் பேசுகிற பேச்சு மாதிரி. அந்த இரண்டு வீண் பங்கிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் திருடி மூன்றாவதில் சேர்ப்பதுதான் ஐம்பது வருஷமாக என் தொழில், பென்சிலும் ரப்பரும் வைத்துக்கொண்டு திருடுகிறவன் நான். இந்தத் தடவை பிஸ்டன் தலையில் குழி வெட்டினேன். முன்பிருந்தது தோசைக்கல் மாதிரி அகலக் குழி, இது பணியாரக் குழி, ஆழம், வாய் குறுகல். பிஸ்டன் மேலே ஏறி வரும்போது காற்று நாலு பக்கமிருந்தும் நெருக்கித் தள்ளப்பட்டுக் குழிக்குள் விழுந்து சுழலும். அழுத்த அழுத்தக் காற்று பழுக்கக் காயும், அந்தச் சுழலுக்குள் டீசல் தூறலாய் விழுந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றும், சுழல்கிற காற்றில் ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியாக மூச்சு கிடைக்கும், கரி மிஞ்சாது. தாளில் அப்படித்தான். கொட்டகையில் ஐந்து இரண்டும் ஐந்து ஒன்பதும் கரும்புகையும் டொக் டொக் என்று ஒரு சத்தமும். அந்த டொக். சுத்தியலால் உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல, என்னை விடுங்கடா என்பது போல. வெள்ளி இரவு, சனி இரவு, ஞாயிறு மத்தியானம் தூங்கும்போது கூட அது என் தலையணைக்குள் தட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி சுலோச்சனா, "உங்க கொறட்டை வேற மாதிரி வருதுங்களே, எண்ணெய் கிண்ணெய் மாத்தோணுமா" என்றாள்.

எண்பத்திரண்டு, இல்லை எண்பத்துமூன்று, கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி போட்டால் இப்படித்தான் கோடு இரண்டாகும். சுலோச்சனாவை நினைக்காதே. நினைத்தால் அந்தப் பொட்டலம் வரும். வேட்டியை மடித்துக் கட்டும்போதே கையில் திணித்துவிட்டாள், வாழையிலைத் துண்டில் மடித்த ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம், எண்ணெயில் குழைத்தது, இலையைத் தாண்டி எண்ணெய் ஊறி வருகிறது. "இன்ஜினுக்கு ஒரு பொட்டு வச்சிருங்க." நானாவது பொட்டு வைப்பதாவது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியே சந்தனமும் குங்குமமுமாக நிற்கும்போது சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு, பிஸ்டனுக்குப் பக்தி கிடையாதுங்க, அதுக்கு அழுத்தம்தான் தெரியும் என்று நாற்பது வருஷமாகப் பேசித் திரிகிற வெங்கிடுபதி நான். "சரி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வழியில் எறிந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். எறியவில்லை. காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் ஒருவரும் இல்லை, லைட் போடவில்லை, இன்ஜின் இருட்டில் ஒரு எருமை மாதிரி படுத்திருந்தது, எனக்கு என்னவோ ஆயிற்று, பயம்தான், வேறென்ன, பெஞ்சின் மேல் ஏறி நின்று வாயைத் திறக்கிறேன், வார்த்தை வராமல் நிற்கிறேன், நாற்பது பேர் பார்க்கிறார்கள், அந்தப் படம் கண்ணில் வந்தது. பெருவிரலால் ஒரு தோண்டு தோண்டி, கைக்கு முதலில் பட்ட இடத்தில், ஃப்ளைவீல் என்கிற அந்தப் பெரிய சக்கரத்தின் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்தேன். இலையைச் சுருட்டி ஜோப்பில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கு நடந்துவிட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. வைத்தவனே பார்க்கவில்லை.

எழுபத்தைந்து. கால்வாசி போயிற்று. எத்தனை விநாடி, எண்பது தாண்டியிருந்தால் சரி, எண்பதுதான் இருபத்தைந்துக்குக் கணக்கு, மனசுக்குள் எண்ணியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். சௌதாமினி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள், ஃபிட்டர் தெய்வசிகாமணி லோடு தராசின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, இருபத்தாறு வருஷமாக என் டிராயிங்கை இரும்பாக்குகிறவன், என் கதைகளுக்கு முதல் சிரிப்பும் அவனுடையதுதான். இன்று காலை பத்து மணிக்குக் கேன்டீனில் நான் காக்காய்க் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது என் காதோரம் வந்து என்னவோ சொன்னான். காக்காய்க் கதை முக்கியமான இடத்தில் இருந்தது. என்னுடைய முதல் இன்ஜினின் புகைக்குழாய் மேல் ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது, கைப்பிடி போட்டு ஒரு சுற்றுத்தான் சுற்றினேன், காக்காயைக் காணோம், மறுநாள் பல்லடத்திலிருந்து ஒருத்தர் வந்து காக்காய் எங்கள் ஊரில் விழுந்திருக்கிறது, உங்கள் இன்ஜின் வாசம் அடிக்கிறது என்றார். இந்த இடத்தில்தான் தெய்வசிகாமணி சொன்னான். தகடு. ஆமாம், தகடு என்று சொன்னான். "பம்ப்புக்கு அடியில தகடு ரெண்டு கூடுதலா வைக்க வேண்டி வந்துச்சுங்கய்யா." நான் "வையி வையி" என்று கையை ஆட்டிவிட்டுப் பல்லடத்துக்குப் போய்விட்டேன். தகடு ஏன் கூடும். டீசல் பம்ப்புக்கு அடியில் தகடு வைத்தால் டீசல் பீய்ச்சுவது பிந்தும், தகடு எடுத்தால் முந்தும். போன வாரம் சரியாக இருந்த தகடு இந்த வாரம் ஏன் பற்றவில்லை. பம்ப்பு அதே பம்ப்பு. மாற்றியது சக்கரம் ஒன்றுதான், பழைய சக்கரம் ஆடுகிறது என்று நேற்றுச் சாயங்காலம் லேத்திலிருந்து புதிதாக வந்ததை மாட்டினார்கள். சக்கரத்துக்கும் தகட்டுக்கும் என்ன சம்பந்தம். இருக்கிறது. ஒரு சம்பந்தம் இருக்கிறது. வெட்டு.

அறுபத்தெட்டு. சக்கரத்தைப் பார்க்கிறேன். பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டுக்குக் கீழே ஓடுகிற சக்கரத்தைப் பார்த்திருக்கிறீர்களா. ட்யூப் லைட் நம் கண்ணுக்குத்தான் நின்று எரிகிறது, நெசத்தில் அது விநாடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது. சக்கரம் விநாடிக்கு இருபத்தைந்து சுற்று. ஒரு சுற்றுக்கு நாலு வெளிச்சம் விழுந்தால் விளிம்பில் இருக்கிற ஒரு புள்ளி நாலு புள்ளியாகி அந்தரத்தில் அசையாமல் நிற்கும். அப்படித்தான் நிற்கிறது, நாலு சிவப்புப் புள்ளி, மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, முழுவேகத்தில் ஓடுகிற சக்கரத்தில் கோலப் புள்ளி மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ இடறுகிறது. நாலு. ஏன் நாலு. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு சக்கரத்து விளிம்பிலும் ஒரு வெட்டு இருக்கும், டீசல் பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டிய இடம், அதன் மேல் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைப்பார்கள், ஃபிட்டர் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பம்ப்பை நேரப்படுத்துவான், இருபத்துமூன்று டிகிரி, பிஸ்டன் உச்சியைத் தொட இருபத்துமூன்று டிகிரி இருக்கும்போது. அந்தப் பெயின்ட்டுக்கு நாலு புள்ளி. என் செந்தூரத்துக்கு நாலு புள்ளி. எட்டு இருக்க வேண்டும். மறுபடி எண்ணுகிறேன். மேல், கீழ், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நாலு. எண்பது வயதை நெருங்குகிற கண்ணை நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு எண்ணுகிறேன். நாலுதான். சக்கரம் லேத்திலிருந்து நேராக வந்தது, பெயின்ட் பட்டறைக்குப் போகவேயில்லை, வெட்டில் துருப்பிடிக்காமலிருக்க அப்பிய கிரீஸ் அப்படியே அடைத்துக்கொண்டிருந்திருக்கும், ஒன்பது மணிக்கு வந்த தெய்வசிகாமணி சிவப்பைத் தேடினான், சிவப்பு இருந்தது, பக்கத்தில் வேறு சிவப்பு இல்லை, எண்ணெயில் குழைத்த செந்தூரம் இரும்பில் பெயின்ட் மாதிரித்தான் ஒட்டும். இந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது என் டிராயிங்படி இல்லை. என் பெருவிரல்படி.

ஐம்பத்தைந்து. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். டெஸ்ட் செல்லாது, நேரம் தவறு, திரும்பத் தகட்டை எடுத்து இருபத்துமூன்றில் வைத்து ஓட்டுங்கள். ஏன் மாமா என்பாள் சௌதாமினி. ஏன் சார் என்பான் அவன், ஸ்டாப்வாட்சோடு. ஏன் என்றால், அம்மா சௌதாமினி, பிஸ்டனுக்குப் பக்தி கிடையாது என்று உன் அப்பாவிடம் சண்டை போட்ட இந்த மாமா, இருட்டில் வந்து இன்ஜினுக்குப் பொட்டு வைத்தான். அதைச் சொல்வதற்குப் பெஞ்சே மேல். பெஞ்சு ஒரு நாள், இது சாகும்வரை, செத்த பிறகும் என் படத்துக்குச் செந்தூரம் வைப்பார்கள். சொல்லாமலிருந்தால். சொல்லாமலிருந்தால் தப்பான நேரத்தில் ஓடித் தோற்ற இன்ஜினுக்காக என் ஹெட்டு உருகும். என்னைத் தோற்கடித்தது என் குழி இல்லை, என் விரல் என்பது எனக்கு மட்டும் தெரியும். கைப்பிடி போட்டு இன்ஜின் கிளப்பிய காலத்தில் ஒரு தடவை டீசல் முந்திப் பற்றி, கைப்பிடி திருப்பி அடித்து இந்த மணிக்கட்டு ஒடிந்தது, கட்டைப் பிரித்த பிறகும் ஒரு மாசம் வாளி பிடிக்க முடியவில்லை, நேரம் தப்பினால் என்ன ஆகும் என்று எலும்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். என் விரல் மட்டும் வெட்டுக்கு அந்தப் பக்கம் பட்டிருந்தால் இப்போது இது பேரிங்கை உடைத்துக்கொண்டு கூரைக்குப் போயிருக்கும், சௌதாமினி சுவரில் சாய்ந்து நிற்கிறாளே, அந்தச் சுவர். முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்குகிறது, குழாயில் டீசல் இறங்குகிற அதே நிதானத்தில். இந்தப் பக்கம்தான் பட்டிருக்கிறது, தகடு கூடியது என்றானே, பிந்தித்தான் இருக்கிறது. ஒரு விரல் அகலம். இந்தச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு டிகிரிக்கு நாலு மில்லிமீட்டர். என் பெருவிரல் இருபது. ஐந்து டிகிரி. இருபத்துமூன்றில் ஐந்து போனால் பதினெட்டு. பதினெட்டில் ஓடுகிறது. ஓடுகிறதா.

ஐம்பது. ஓடுகிறது. ஓடுவது மட்டுமா. எங்கே அது. அந்த டொக் எங்கே. இத்தனை நேரம் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்துவிட்டுக் காதை மறந்துவிட்டேன், அதுதான் இடறியது, சத்தம் இல்லாதது இடறியது. இரும்புக் கம்பியை எடுக்கிறேன், ஒரு முனையை சிலிண்டர் பக்கத்தில் ஊன்றுகிறேன், மறுமுனையைக் கடிக்கிறேன், பொய்ப்பல்லில் கடித்தால் செட்டு முழுக்கத் தாளம் போடும், ஒன்றும் கேட்காது, வலதுபக்கச் சொந்தக் கடைவாயில் கடிக்க வேண்டும், அந்த மூன்று பல்லும் இதற்காகத்தான் விழாமல் இருக்கின்றன. மண்டைக்குள் இன்ஜின் வருகிறது. காற்று உள்ளே வரும் உஸ். அது நெரிபடுகிற இறுக்கம். பிறகு பற்றுகிறது, தட்டவில்லை, தள்ளுகிறது, அப்பன் பிள்ளையை ஊஞ்சலில் தள்ளுகிற மாதிரி உள்ளங்கை வைத்துத் தள்ளுகிறது. பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி உஸ். என் தாடையிலிருந்து பிடரிவரை நெய் தடவியது போல் இறங்குகிறது. கண்ணைத் தூக்கிக் கூரைக்கு மேல் நீட்டியிருக்கிற புகைக்குழாயை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். புகை இல்லை. வெயில்தான் அங்கே லேசாக நடுங்குகிறது. இன்ஜின் நின்றுவிட்டதோ என்று ஒரு பைத்தியக்காரச் சந்தேகம் கூட வந்தது.

நாற்பத்திரண்டு. ஏன். ஏன் பதினெட்டில் இனிக்கிறது. இருபத்துமூன்று யார் சொன்ன நம்பர். நான் சொன்னது. எனக்கு யார் சொன்னது. எழுபத்தாறாம் வருஷம் ஒரு பழைய வெளிநாட்டு இன்ஜினின் அழுக்குப் புத்தகத்தில் பார்த்து எழுதினேன், அடுத்த டிராயிங்கில் அதைப் பார்த்து எழுதினேன், அதற்கடுத்ததில் அதைப் பார்த்து, பதினொரு இன்ஜின், பதினொரு தடவை இருபத்துமூன்று, ஒரு தடவை கூட நீ யார் என்று அந்த நம்பரைக் கேட்டதில்லை. அது தோசைக்கல் குழிக்கான நம்பர். அங்கே காற்று சோம்பேறி, டீசல் நிதானமாகப் பற்றும், அதனால் சீக்கிரமே பீய்ச்சிவிட வேண்டும். என் பணியாரக் குழியில் காற்று பேய் மாதிரிச் சுழல்கிறது, விழுந்தவுடன் பற்றுகிறது, அதற்குப் போய் இருபத்துமூன்றில் பீய்ச்சினால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து அதன் தலையில் அடிக்கிறது, ஏறுகிறவனை இறக்கு இறக்கு என்று அடிக்கிறது, அதுதான் அந்த டொக். என்னை விடுங்கடா என்று தட்டினது அதுதான். குழி சரி. குழி மூன்று மாசமாகச் சரியாகத்தான் இருந்தது. புதுக் குழியை வெட்டிவிட்டுப் பழைய நம்பரை ஊற்றியவன் நான், வீட்டை இடித்துக் கட்டிவிட்டுப் பழைய பூட்டையே தொங்கவிட்டவன். ஹரிகோவிந்தனுக்கும் தெரியவில்லை, அவன் கம்ப்யூட்டருக்கும் நான் கொடுத்த இருபத்துமூன்றைத்தானே போட்டான். தெரிந்தது ஒரு விரலுக்கு. அதுவும் இருட்டில்.

முப்பது. இப்போது வேகமாக இறங்குகிறதோ. இல்லை, எனக்குத்தான் அவசரம். சொல்லவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், கம்பியைக் கடித்தபடி நிற்கிறேன், எச்சில் வழிகிறது, சௌதாமினி பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கட்டும். இருபத்திரண்டு. ஹரி கைக்கடியாரம் பார்ப்பது போல ஸ்டாப்வாட்சை ஒருதரம் பார்க்கிறான், மறுபடி பார்க்கிறான், புருவம் ஏறுகிறது, அந்தப் புருவத்தை ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டலாம். பதினைந்து. இந்த விநாடி எங்கேயோ உடுமலைப் பக்கத்தில் ஒருத்தன் இன்னும் வாங்காத இன்ஜினில், இன்னும் ஊற்றாத டீசலில், கடைசி வரப்புக்குத் தண்ணீர் எட்டாமல் நிற்கிற அந்த நாலு முழம் எட்டிவிடுகிறது. பத்து. அந்தப் பக்கம் ஒரு கிணறு இருந்தது, என் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிய வேகத்தில் கிணறே மேலே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், இனி அதுவும் நெசம். ஆறு. ஐந்து இருபதைத் தாண்டப்போகிறது, எனக்குத் தெரியும், தெய்வசிகாமணிக்கும் தெரிகிறது, தராசு முள்ளை விட்டுவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்க்கிறான். மூன்று. பிறைவிளிம்பு கீழ்க்கோட்டின் மேல் உட்காருகிறது, உட்கார மனசில்லாமல் உட்காருகிறது.

"அஞ்சு முப்பத்துநாலு" என்றான் ஹரிகோவிந்தன். அவன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் படித்தேன். என் ஜென்மத்தில் படித்த நல்ல எழுத்து அதுதான்.

லோடை எடுத்தார்கள், இன்ஜினை நிறுத்தினார்கள், சக்கரம் பெருமையாக நாலைந்து சுற்றுச் சுற்றி ஓய்ந்தது, அது முழுதாக நிற்பதற்குள் நான் பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு விளிம்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன், ஏதோ குதிரையைத் தட்டிக்கொடுக்கிறவன் போல. சௌதாமினி வந்து என் தோளைப் பிடித்தாள், பிடித்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. ஹரிகோவிந்தன் சும்மா விடுகிறவனா. "சார், ஒரே ஒரு செக். டைமிங்கை நான் அளந்து பாத்துக்கட்டுமா? இருபத்துமூணுல இந்த எண் வர்றதுக்கு வழியில்ல."

"இருபத்துமூணுன்னு யார் சொன்னா?" என்றேன் நான். வாய் தானாகத் திறந்துகொண்டது. "பதினெட்டு. அளந்துக்கோ."

அளந்தான். சக்கரத்தைக் கையால் சுற்றி, பம்ப்பு வாயில் டீசல் அசைகிற இடத்தில் நிறுத்தி, டிகிரித் தகட்டை வைத்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. "பதினெட்டு" என்றான். "சரியா பதினெட்டு. எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"கணக்கு" என்றேன். "மூணு நாள், மூணு ராத்திரி. பேப்பர் இல்லை, பென்சில் இல்லை, மனக்கணக்கு. வேகமாப் பத்துற குழிக்கு எதுக்கப்பா அவ்வளவு முன்னாடி." முதல் பாதி பொய், இரண்டாம் பாதி சத்தியம், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எது எது என்று யாருக்கும் பிரிக்க வராது, இது அனுபவம். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். சௌதாமினி மட்டும், "இதை ஏன் மாமா மொதல் டெஸ்டுலயே சொல்லல" என்றாள். "பந்தயம் சூடு பிடிக்கட்டும்னு கண்ணு" என்றேன். சிரித்துவிட்டாள்.

தெய்வசிகாமணி பக்கத்தில் வந்தான். என் கையிலிருந்த பனியன் வேஸ்ட்டை வாங்கினான். சிவப்பைப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"அய்யா, இந்தப் பெயின்ட்டு ஆஞ்சநேயர் கோயில் வாசம் அடிக்குதுங்களே."

"புதுக் கம்பெனி பெயின்ட்டு" என்றேன்.

"ஆமாங்க, சனிக்கிழமை ஆனா வடை மாலையோட தருவாங்க போல." வேஸ்ட்டைச் சுருட்டித் தன் ஜோப்பில் போட்டுக்கொண்டான். "நான் எதையும் மோந்து பாக்கலீங்க." வெட்டிலிருந்த கிரீஸைச் சுரண்டி எடுத்தான், அந்தப் பழைய வெட்டை அடைத்துவிட்டு, ஒரு விரல் தள்ளிப் புது வெட்டு ஒன்றை உளியால் வெட்டினான், அதன் மேல் நெசமான சிவப்புப் பெயின்ட்டை ஒரு சொட்டு வைத்தான். இன்றைக்கும் அந்த ரக இன்ஜின் ஒவ்வொன்றிலும் வெட்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள், உங்கள் பெருவிரலை வைத்தால் சரியாகப் பொருந்தும்.

மத்தியானம் ஒன்றரைக்கு ஹரிகோவிந்தன் கேன்டீன் பெஞ்சின் மேல் ஏறினான். வாக்கு மாறாத பிள்ளை, ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினான். நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள். "வெங்கிடுபதி சார் சொன்னது அத்தனையும் உண்மை" என்றான். "மோரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மோர் இன்ஜினும் உண்மை." "காக்கா." "காக்காவும் பல்லடத்துலதான் விழுந்தது." "கெணறு." "கிணறும் மேல வந்தது." தட்டில் கரண்டியால் தாளம் போட்டார்கள், சௌதாமினியும் போட்டாள், நான் தட்டில் போட்ட வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன், எழுபத்துநாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பேசாமல் இருப்பதில் இவ்வளவு ருசி இருக்கிறது என்று தெரிந்தது.

இதில்தான் ஒரு சிக்கல் வந்து சேர்ந்திருக்கிறது. முன்னெல்லாம் எந்த உண்மையையும் தைரியமாகச் சொல்லிவிடுவேன், வெங்கிடுபதி சொன்னானா, சரி விடு என்று போய்விடுவார்கள், உண்மைக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. இப்போது ஹரி பெஞ்சு மேல் ஏறி அத்தனையும் நெசம் என்று சான்று கொடுத்துவிட்டான், நான் வாயைத் திறந்தாலே எழுதிக்கொள்கிறார்கள். அதனால் இந்தச் செந்தூர விஷயம் உங்களோடு இருக்கட்டும். எங்கே கேட்டாய் என்று யாராவது கேட்டால் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள், காக்காய் சொன்னது என்று சொல்லுங்கள், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். சுலோச்சனா காதுக்குப் போகவே கூடாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "பொட்டு வச்சீங்களா" என்று கேட்டாள். "மறந்துட்டேன்" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டாள்.